குளத்துப்புழை நாட்குறிப்பு: மூன்று கட்டம்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

விடிய விடிய மழை. ரப்பர் மரத்துச் சிரட்டையெல்லாம் தண்ணீர். லயத்து வரிசை வீட்டு வாசல் வரைக்கும், உறைந்த ரப்பர்ப் பாலின், ஒட்டுப்பாலின் நாற்றம். மகள் பி.எஸ்.சி. பரீட்சைக்காக உலகத்துச் சண்டைகளை நோட்டில் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறாள். ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருக்கிறாள்: காரணம், ஒரு தரப்பு, எதிர்த்தரப்பு.

முதலில் சூடான். போன ஞாயிற்றுக்கிழமைதான் தார்ஃபூர் பகுதியின் அல் ஃபாஷிர் நகரம் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையின் கைக்குப் போனது. "ஒரு பக்கம் புர்ஹானோட ராணுவம், எதிர்ப்பக்கம் ஹெமெத்தியோட ஆர்.எஸ்.எஃப். சரிதானேப்பா?" சரிதான். ஆனால் 2021 அக்டோபரில் ஆட்சியைக் கவிழ்த்தபோது இந்த இரண்டு பேரும் ஒரே கட்டத்தில்தான் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 2003-இல் தார்ஃபூர் கிளர்ச்சியை அடக்க அப்போதைய அதிபர் பஷீரின் அரசு தீனி போட்டு வளர்த்த ஜன்ஜவீத் கும்பல்தான் 2013-இல் ஆர்.எஸ்.எஃப். என்று பெயர் மாறியது. அதை ராணுவத்தோடு சேர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ராணுவம் 2 வருஷத்தில் என்றது, ஆர்.எஸ்.எஃப். 10 வருஷம் ஆகும் என்றது. 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி தலைநகர் கார்ட்டூமில் துப்பாக்கி வெடித்தது.

காரணக் கட்டத்தில் "படை இணைப்பு" என்று எழுதினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தார்ஃபூரில் தங்கம் தோண்டுகிறார்கள். அதைச் சொன்னேன். "கட்டத்துல இடம் இல்லப்பா."

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் அடித்தது, ரப்பர் வெட்டு நடந்தது. சூடானிலும் கோர்டோபான் பக்கம் கருவேலம் சாதி மரம் ஒன்றைக் கீறிவிட்டு, வடிந்து காய்கிற பிசினைச் சேர்க்கிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் அரபுப் பிசினில் பெரும்பங்கு சூடானுடையது. நாம் குடிக்கிற கலர் சோடாவில்கூட அது சேரும். வெட்டுகிறவன், எடை போடுகிறவன், லாரிக்காரன், வழியில் மறித்துக் காசு வாங்குகிற துப்பாக்கிக்காரன். நான் பால் அளக்கிறவன். எந்தச் சண்டையைப் படித்தாலும் தராசு யார் கையில் இருக்கிறது என்றுதான் என் கண் தேடும்.

நவம்பர் 5, புதன்

நோட்டில் "டி.ஆர்.சி." என்று பெரிதாக எழுதியிருந்தாள். "எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டேன். எங்களுக்கு டி.ஆர்.சி. என்றால் பாலில் இருக்கிற உலர் ரப்பர் அளவு, கூலிக் கணக்கே அதில்தான். அவளுக்கு அது காங்கோ ஜனநாயகக் குடியரசு. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

காங்கோவில் ஜனவரியில் கோமா நகரைப் பிடித்த படைக்குப் பெயர் எம்23. 2009 மார்ச் 23-இல் போட்ட சமாதான ஒப்பந்தத்தின் தேதி அது. ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்று கிளம்பியவர்கள் அந்தத் தேதியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பின்னால் ருவாண்டா இருக்கிறது என்று ஐ.நா. நிபுணர்கள் எழுதினார்கள், ருவாண்டா இல்லை என்கிறது. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் எல்லை தாண்டிக் காங்கோவுக்கு ஓடிய கொலைகாரர்கள் இன்னும் அங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது அதன் வாதம். கிழக்குக் காங்கோவின் ருபாயாவில் கோல்டான் சுரங்கம் இருக்கிறது, நம் செல்போனுக்குள் போகிற தாது. இந்த ஜூன் 27-இல் வாஷிங்டனில் காங்கோவும் ருவாண்டாவும் கையெழுத்துப் போட்டன. கோமாவை வைத்திருக்கிற எம்23 அந்தக் கையெழுத்தில் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்கு இலங்கை. 1983–2009, அரசு, புலிகள். காரணம்: இன முரண்பாடு. ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். ரப்பர் ஷீட் துண்டில் சுற்றி வைத்திருந்தது. படத்தில் நான் அவள் மடியில், மூக்கு ஒழுக. 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் போட்டு, இந்தியாவிலிருந்து போன எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜனத்தை எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் ஆக்கினார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். லயத்தில் யாரையும் கேட்கவில்லை.

தமிழர்களுக்கு எதிரான 77 ஆகஸ்டு கலவரத்தில் அம்மா எங்களைத் தேயிலைச் செடிக்குள் படுக்க வைத்தாள். அடுத்த வருஷம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம், அப்புறம் இந்த ரப்பர்க் காடு. மாமா மட்டும் வரவில்லை. "வடக்க நம்ம ஜனம், அடிக்க மாட்டாங்க" என்று மூட்டையோடு வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டிக் காணி செய்தார். கடைசிக் கடிதம் 2008-இல் வந்தது.

"அவரு எந்தப் பக்கம் அப்பாயி?"

"அவன் மிளகாய் போட்டிருந்தான்டி."

நவம்பர் 10, திங்கள்

காலையில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அரசு, புலிகள் அப்படியே இருக்கிறது. பரீட்சைக்கு அதுதான் மார்க். காரணக் கட்டத்தில் மட்டும் 1948, 1964, 77 என்று பென்சிலில் நுணுக்கி எழுதியிருக்கிறாள், கோடு தாண்டி மார்ஜின் வரைக்கும். அம்மா பெட்டியை இன்னும் மூடவில்லை. மழைத் தண்ணீர் கலந்ததால் பால் இளக்கம், டி.ஆர்.சி. 29 தான் வந்தது.