பேஸ் கிட்டார் வாசித்து வந்த மணிக்கட்டு வலி: இதுவரை செய்து பார்த்தவை

இடது மணிக்கட்டில், கட்டைவிரல் அடிப்பக்கம் இருந்த வலி முக்கால்வாசி போய்விட்டது. ஞாயிறு பூசை முழுக்க பேஸ் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை இடது கையால் தூக்க முடிகிறது. ஈஸ்டர் சமயத்தில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்கக்கூட முடியவில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கோயில் பாடகர் குழுவிலும் கல்யாணக் கச்சேரியிலும் பேஸ் வாசிக்கிற தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதே வலியோடு வாசிப்பவர்களும் அதில் உண்டு என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன வலி என்று தெரிந்துகொண்டது. ராமநாதபுரத்தில் எலும்பு மருத்துவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, அப்படியே கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். உயிர் போய் வந்தது. டி குவர்வேன் என்றார். 1895இல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை அசைக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் நுழைந்து விரலுக்குப் போகின்றன. கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தபடி மணிக்கட்டை மடக்கி மடக்கி வேலை செய்தால் அந்த உறை தடித்து, தசைநாண் உரச ஆரம்பிக்கிறது. பகலில் நான் வள்ளத்து இன்ஜின் பார்க்கிறவன். ஸ்பேனரும் அதே கட்டைவிரலைத்தான் கேட்கும். இரண்டும் சேர்ந்துகொண்டது.

கட்டைவிரலை அசையவிடாத ஸ்ப்ளின்ட், சில நாள் மாத்திரை, ஐஸ். ஐஸுக்கு இங்கே பஞ்சமில்லை, துண்டில் சுற்றி வைத்தேன். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் இன்ஜின் வேலையும் குறைந்தது, கைக்கு உண்மையான ஓய்வு கிடைத்தது. பூசையில் கீபோர்டு அண்ணன் தன் இடது கையாலேயே பேஸைச் சமாளித்தார். "கையைப் பாருப்பா, பாட்டு எங்க போயிடப் போவுது" என்று அவர் சொன்னது பெரிய தெம்பு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்கு இருந்தது வலி, மரத்துப்போதல் இல்லை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது மணிக்கட்டு நடுவில் போகும் நரம்பு. சுண்டுவிரல் மரத்துப்போனால் பெரும்பாலும் முழங்கை நரம்பு. அப்படி இருந்தால் நான் செய்ததை எல்லாம் செய்து பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் பேஸைப் பார்த்தேன். கைக்கு வைத்தியம் செய்துவிட்டு பேஸை அப்படியே விட்டால் வலி திரும்ப வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் கடற்கரைக் காற்று மரத்தையும் கம்பியையும் சும்மா விடாது. ஈரப்பதம் மாற மாற நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்து மரம், வளைகிறது. என்னுடையது முன்பக்கம் வளைந்து, நடு ஃப்ரெட்களில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) கம்பி நன்றாக மேலே நின்றது. கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்த வேண்டும். பார்க்கும் முறை சுலபம்: தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர் போதும். எனக்கு அதைவிட ரொம்ப அதிகம். நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று திருகி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி பார்த்து, அப்புறம் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை இறக்கினேன். இப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ராடு இறுகி நின்றால் வம்படியாகத் திருக வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கம்பி செட்டையும் 45-105 தடிமனிலிருந்து மெல்லிய 40-95க்கு மாற்றினேன். வீட்டில் பழகும்போது நான்கு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி வைக்கிறேன். அதில் மட்டும் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது, ஆரம்ப வாரங்களில் அது பெரிய உதவி.

உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். வலது கை விரல் நுனியில் கொப்புளம் அதனால்தான். பாசி எடுக்கப் போகும் என் சித்தி, கடலில் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றுகிற துணியைக் கிழித்துக் கொடுத்து "இதைச் சுத்திக்கிட்டு வாசிய்யா" என்றார். சுற்றி வாசித்தேன். விரலுக்கு இதமாக இருந்தது, ஆனால் சத்தம் அமுங்கிவிட்டது. வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது வாசித்து முடித்ததும் கம்பியை மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் காதிலிருந்துதான் வந்தது. பேஸின் தடித்த ஈ (E) கம்பியை எங்கும் அழுத்தாமல் வாசித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது. திருவிழா மேடையில் கச்சான் காற்று, ஜெனரேட்டர், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்தால் நாம் வாசிப்பது நமக்கே கேட்பதில்லை. கேட்காதபோது வலது கை ஓங்கி அடிக்கிறது, கூடவே இடது கையும் தானாக இறுகுகிறது. அதனால் ஆம்ப்ளிஃபயரை நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கிறேன். அதில் நடுத்தர ஒலிக்கான மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, வால்யூமைக் கூட்டி, விரலை மெதுவாகப் போடுகிறேன். மைக்செட் அண்ணனிடமும் என் பக்க மானிட்டரில் பேஸ் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இதைக் கேட்கத் தயங்காதீர்கள், கைக்கான மருந்து அது.

இடது கைக்குச் செய்யும் பயிற்சி ஒன்றுதான். கட்டைவிரலை நெக்கிலிருந்து முழுசாக எடுத்துவிட்டு வாசிப்பது. வலது முன்கையால் பாடியை வயிற்றோடு லேசாக அணைத்துக்கொண்டால் நெக் நகராது, கையின் எடையே கம்பியை அழுத்தும். ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் விரலை வைத்து, சுத்தமாக ஒலிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். எவ்வளவு குறைவாகப் போதும் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்பி நீளம் 34 இஞ்ச் உள்ள பேஸில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடையே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். அங்கே நான்கு விரலையும் விரித்து வைப்பதை விட்டுவிட்டேன். நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்காரர்கள் கையாளும் சிமாண்டல் முறையில், ஆள்காட்டி, நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்று என்று மூன்று ஃப்ரெட்தான் எட்டுகிறேன். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் பழையபடி நான்கு விரல். ராஜா சார் பாட்டுகளில் பேஸ் மேலே ஏறி ஓடும் இடங்கள் இப்படித்தான் வலியில்லாமல் வருகின்றன. ஸ்ட்ராப் அகலமானது, நீளம் உட்கார்ந்து வாசிக்கும் உயரமே நிற்கும்போதும் வருகிற மாதிரி.

பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று ஆரம்பித்து மெல்ல ஏற்றினேன். மறுநாள் காலையில் வலித்தால் முந்தைய அளவுக்குத் திரும்பினேன். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாப் பாட்டுகளை முழுசாக வாசித்தேன், நடுவில் ஒரு பாட்டுக்கு மட்டும் கையை இறக்கி வைத்தேன். ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது, இன்னும் தொடவில்லை. ஸ்பேனரை வலது கைக்கு மாற்றியது இன்னும் முழுசாகப் பழகவில்லை.

மதுரையில் இருக்கும் நண்பர் தன் 30 இஞ்ச் பேஸைக் கொஞ்ச நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்கும் முன் அது வந்துவிடும். அதே பாட்டுகளை இரண்டிலும் வாசித்துப் பார்த்து, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.