பெட்டி யாருடையது?

பழைய கடிதங்களுக்குப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. கேட்க சுவாரசியமாக இருக்கும், ஆனால் பாதி நேரம் துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுவதிலும் மடிப்பை நீவிவிடுவதிலுமே போய்விடும். மீதி நேரத்தில் எழுதியவர், பெறுநர், தேதி, ஊர் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இதில் கொஞ்ச நாள் இருந்தாலே ஒன்று உறைத்துவிடும். ஒருவர் வீட்டிலிருந்து வரும் பெட்டியில் அவருக்கு வந்த கடிதங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். அவர் எழுதியதெல்லாம் ஊர் ஊராகப் போயிருக்கும், வாங்கியவர் பத்திரப்படுத்தினால் உண்டு, அடுப்பில் போட்டால் போனதுதான்.

எலிசபெத் ராபின்ஸ் விஷயத்தில் இது அப்படியே நடந்திருக்கிறது. 1862-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்து, பாஸ்டனில் நடித்து, நடிகரான கணவர் 1887-இல் நாடகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு சார்லஸ் ஆற்றில் குதித்து இறந்த பிறகு, மறுவருடமே லண்டன் வந்து சேர்ந்த நடிகை. அங்கே அரங்குகளை நடத்தியவர்கள் நடிகர்களாகவே இருந்த ஆண்கள், நாடகமும் அவர்களை வைத்துத்தான் தேர்வாகும். ராபின்ஸும் தோழி மரியன் லீயும் வாய்ப்புக்குக் காத்திருக்காமல் 1891-இல் தாங்களே நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘ஹெட்டா காப்ளர்’ நாடகத்தை மேடையேற்றினார்கள். ஹெட்டாவாக ராபின்ஸ். நடிப்பைவிட இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் அவருக்கு நண்பர். ஜேம்ஸ் எழுதிய கடிதங்களை ராபின்ஸ் பத்திரமாக வைத்திருந்து 1932-இல் புத்தகமாகவே போட்டார். ஜேம்ஸோ 1909 வாக்கில் தனக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதியைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார்! ஆக, அந்தப் புத்தகத்தில் பேசுவது ஜேம்ஸ்தான். எதற்குப் பதில் சொல்கிறார், இந்தம்மா என்ன கேட்டிருப்பார் என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் போனில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

ராபின்ஸின் குரல் வேண்டுமென்றால் நாட்குறிப்புகளுக்குத்தான் போக வேண்டும். 1900-இல் தம்பி ரேமண்டைத் தேடி அலாஸ்காவின் நோம் வரை போனபோது எழுதியதும் அதில் ஒன்று, தங்கம் தேடி ஊரே அங்கே குவிந்திருந்த சமயம் அது. பிறகு 1907-இல் அவர் எழுதிய ‘பெண்களுக்கு வாக்கு!’ நாடகம் லண்டனில் ‘கோர்ட்’ என்ற நாடக அரங்கில் வந்தது. இரண்டாம் அங்கம் முழுக்க ட்ரஃபால்கர் சதுக்கத்துப் பொதுக்கூட்டம்தான். கூட்டத்தில் நின்று கேலி பண்ணுகிறவனின் பேச்சு முதற்கொண்டு காதில் விழுகிறது, வாக்குரிமைக் கூட்டங்களுக்கு நேரில் போய்க் கேட்டு எழுதியவர் ஆயிற்றே. 1908-இல் பெண் எழுத்தாளர்களின் வாக்குரிமைச் சங்கத்துக்கு முதல் தலைவர், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய பாங்கர்ஸ்ட் அம்மையாரின் இயக்கத்திலும் சில வருடங்கள் குழு உறுப்பினர்.

எங்கள் வேலைக்கு இன்னொரு தலைவலியும் இதில் உண்டு. மேடையில் ராபின்ஸ், சட்டப்படி திருமதி பார்க்ஸ், ஆரம்பத்தில் எழுதிய நாவல்களில் சி. ஈ. ரேமண்ட். இப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு பெயரிலும் ‘காண்க’ என்று ஒரு குறிப்பு போட்டு ஒரே ஆளிடம் கொண்டுவந்து சேர்க்காவிட்டால், தேடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

பிரபலமான ஒருவர் ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதங்களோடு எங்களிடம் வந்த ஒரு பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூத்த சக ஊழியர் ஒருவர், “பிரபலமானவர் பெயரைத் தலைப்பில் போடுங்க சார், தேடி வர்றவங்க அதைத்தானே தேடுவாங்க” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால், நாற்பது வருடம் அந்தக் கடிதங்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் காப்பாற்றிய பெண்மணி வெறும் பெறுநர் கட்டத்தில் ஒரு பெயராக நின்றுவிடுவார். ராபின்ஸை உதாரணம் காட்டி வாதாடிப் பார்த்தேன், அவர் மசியவில்லை. சரி, தலைப்பு அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடிதங்களை வைத்திருந்தது யார், எத்தனை காலம், பதில்கள் எங்கே போயின என்பதையெல்லாம் குறிப்புக் கட்டத்தில் எழுதிவருகிறேன். அந்தக் கட்டத்துக்கு எழுத்து வரம்பு இருக்கிறது, அதற்குத்தான் இப்போது கணினிப் பிரிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.