கொப்பித்தாளில் வந்த பட்டியல்

நான் யாழ்ப்பாண நகரில் கேட்ட பாட்டுகளைக் கசற்றில் பதிந்து கொடுக்கும் ஒரு றெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 பாதை 2002இல் திறந்ததையடுத்துக் கொழும்பிலிருந்து எம்பி3 சீடிகள் வந்து குவியத் தொடங்கியிருந்தன. தொண்ணூறு நிமிடக் கசற்றில் இருபது பாட்டுகள் அடங்குவதே பெரிது. அந்தச் சீடியிலோ நூற்றுக்கு மேல் அடங்கின. எங்கள் தொழில் எங்கே போய் முடியும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

அமெரிக்காவில் அப்போது பாட்டுகளை நகல் எடுப்பது பற்றிய சண்டை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1999இல் தொடங்கிய, இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர், பாட்டு எதையும் தன்னிடம் வைத்திருக்கவில்லை. யாருடைய கணினியில் எது இருக்கிறது என்ற பட்டியலை மட்டுமே வைத்திருந்தது. அந்தப் பட்டியல் ஓரிடத்தில் இருந்ததாலேயே 2001இல் நீதிமன்ற உத்தரவு அதை முடக்கியது. பின்னர் வந்த கசா போன்ற பகிர்வுச் செயலிகளில் முடக்குவதற்கு அப்படியொரு மையம் இல்லாதபடியால், இசைத்தட்டுக் கம்பனிகளின் சங்கம் 2003 செப்டெம்பரில் பாட்டுப் பகிர்ந்த 261 தனி ஆட்கள் மீதே வழக்குத் தொடுத்தது. அடுத்தடுத்து ஆயிரக்கணக்கானோரை இழுத்துவிட்டு, 2008 முடிவில் அந்த வழியைக் கைவிட்டது.

உரிமையாளர் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்காமல் நகல் எடுத்து வாழ்ந்த கடையில் இருந்துகொண்டு கம்பனிகளைக் குறைசொல்ல எனக்கு உரிமை குறைவுதான். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாங்குபவரின் மனத்தை அந்தக் கம்பனிகளைவிட நாங்கள் கிட்ட நின்று பார்த்தோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்களிடம் வந்தவர்கள் கொப்பித்தாளில் பாட்டுகளின் முதலடிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு படத்தில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, இடையில் ஒரு பக்திப் பாட்டு. "தம்பி, அந்தப் படத்திலை மிச்சமெல்லாம் வேண்டாம், இது ஒண்டு போதும்" என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். வரிசை மாறினால் கோபிப்பவர்களும் உண்டு. வெற்றுக் கசற்றுக்கு ஒரு காசும் பதிவுக்கு இன்னொரு காசும் தயங்காமல் தந்தவர்கள் இவர்களே. நாப்ஸ்டரை நோக்கி ஓடியவர்களில் பலர் இலவசத்தை மட்டும் தேடி ஓடவில்லை, பிடித்த ஒரு பாட்டுக்காக முழு இசைத்தட்டையும் வாங்க மறுத்தவர்கள் என்பதே என் கணிப்பு. 2003 ஏப்ரலில் அப்பிள் கம்பனி ஒரு பாட்டை 99 அமெரிக்கச் சதத்துக்கு இணையத்தில் விற்கத் தொடங்கியபோது, அதை எங்கள் கொப்பித்தாள் வியாபாரத்தின் சட்டபூர்வமான வடிவமாகவே கண்டேன்.

எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒருவர் மட்டும் எப்போதும் விடுபட்டார். கோயில் திருவிழாக்களில் பதிந்த நாதஸ்வர, தவில் கச்சேரிகளையும் நாங்கள் விற்றோம். வாசித்த வித்துவான்களுக்கு அதில் பங்கு இருக்கவில்லை. ஒருவர் கடைக்கு வந்து, பங்கு கேட்காமல், தர்மகர்த்தாக்களுக்குக் கொடுக்கவென்று தன் கச்சேரிக் கசற்றையே காசு கொடுத்து வாங்கிப் போனார்.

2021இல் இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தபோது கடை தொலைபேசி உறைகளும் மீள்நிரப்பு அட்டைகளும் விற்கும் இடமாக மாறியிருந்தது. ஆயினும் வான் ஓட்டுநர் சிலர் பென்ட்ரைவை நீட்டி, தூரப் பயணத்துக்கு ஏற்றபடி நல்ல பழைய பாட்டுகளாகத் தெரிந்தெடுத்துப் போட்டுத் தரச்சொல்லி இன்றும் காசு தருகிறார்கள்.