சத்தம் போடாத சுருட்டை

எங்கள் அப்பத்தாவுக்கு, குட்டையாக, உடம்பில் திட்டுத்திட்டாக இருந்தால் எந்தப் பாம்பும் சுருட்டைதான். முதுகுளத்தூர்ப் பக்கம் உடைமரக் காட்டில் ஆடு மேய்த்தவர். போருக்கு முன்னால் கப்பலேறி வந்து, மலேசியாவின் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய காலமெல்லாம் அந்தப் பெயரை விடவில்லை. இங்கே சுருட்டை விரியனே கிடையாது என்று அவரிடம் யார் சொல்வது?

"சுருட்டை சத்தம் குடுக்கும்டா. கேட்டா அப்படியே நின்னுரு." அப்பா பெரட்டுக்கு (விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்.

1986-ல் ஒருநாள், விடியுமுன், நெத்தி விளக்கோடு நிரையில், அதாவது ரப்பர் மர வரிசையில், நின்ற அப்பாவைக் கணுக்காலுக்கு மேல் ஒரு பாம்பு கடித்தது. சத்தமே வரவில்லை. காய்ந்த இலையோடு இலையாகச் சுருண்டு கிடந்தது, கடித்த பிறகும் நகராமல் கிடந்தது. இப்படிக் கிடப்பதால்தான் மலாய்க்காரர்கள் அதை காப்பாக் போடோ என்கிறார்கள். போடோ என்றால் முட்டாள். கெடா, பெர்லிஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பழக்கமான விரியன் அது. அப்பாவுக்கும் தெரியாததில்லை. ஆனால் காது அப்பத்தா பழக்கிய காது.

ஆஸ்பத்திரியில் "ஊலார் ஆப்பா?", என்ன பாம்பு என்று மலாயில் கேட்டார்கள். அப்பத்தா "சுருட்டை" என்றார். நர்ஸ் முழித்தார். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர், அடித்த பாம்பை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் காரியம் நடந்தது. (இன்று யாரும் இதைச் செய்ய வேண்டாம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.)

அப்பாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆட்டாமல் வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லல?" என்றார்.

பெயர்தான் தப்பு. சுருட்டை கடித்தாலும் ரத்தம் உறையாது, ஊரில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டின் விஷமும் ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கைத் தின்று தீர்த்துவிடும். 1960களில் பினாங்கு மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் காப்பாக் போடோ கடிபட்டவர்களைக் கவனித்து எழுதியதன் தொடர்ச்சியாக, அந்த விஷத்திலிருந்தே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆன்க்ராட் என்ற மருந்து வந்தது. சுருட்டை விஷத்தில் இருக்கும் எகிஸ்டாட்டின் என்ற புரதத்தைப் பார்த்து வடிவமைத்ததுதான் மாரடைப்புக்குக் கொடுக்கும் டைரோஃபிபன். ஆனால் விஷமுறிவு மருந்து வேறு வேறு. காப்பாக் போடோவுக்கானது பாங்காக்கில் தயாராகிறது. சுருட்டைக்கு இந்தியாவின் நால்வகைப் பாம்பு மருந்து. அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் மாமல்லபுரம் அருகே இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். அன்று பிஸ்கட் டின் வராமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2018-ல் முதன்முறையாக முதுகுளத்தூர் போனேன். சித்தப்பா முறை ஒருவர் ராத்திரி டார்ச் அடித்துக் கண்மாய்க் கரையில் காட்டினார். ஒன்றரைச் சாண்கூட இருக்காது. இதற்கா இவ்வளவு பயம் என்று குனியப் போனேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்புறம் கேட்டது அந்தச் சத்தம். வாயிலிருந்து வரவில்லை. உடம்பை மடிப்பு மடிப்பாகச் சுருட்டி, ஒரு மடிப்பை இன்னொன்றின் மேல் தேய்க்கிறது. விலாப்புறச் செதில்கள் ரம்பப் பல் மாதிரி. தேய்த்தபடியே பக்கவாட்டில் மணலில் வழுக்கிப் போய்விட்டது. நல்லவேளை, போனில் பதிவு செய்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். ரப்பர் தோட்டம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாகிவிட்டது, அப்பத்தாவும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு," என்றார். அப்புறம், "இன்னொரு தடவ போடு."