கேட் டேட்டா சயின்ஸ் தாள்: 31-லிருந்து 54 வரை

எம்டெக் சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வில் டேட்டா சயின்ஸ் தாள் எழுதினேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து காலேஜ் ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த டூல் படிக்கட்டும்?" போன தடவை நானும் இதையேதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். 31 மார்க் வந்தது. 2025-இல் 54. பெரிய ரேங்க் இல்லை. ஆனால் எங்கே சறுக்கினேன் என்று நன்றாகத் தெரியும்.

நான் ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ்) படித்தவள், சென்னை ஓஎம்ஆர் சாலையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. காலேஜ் கடைசி வருடம் தனியாக ஃபீஸ் கட்டி ஒரு டெஸ்டிங் டூலுக்குச் சான்றிதழ் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த டூலை ப்ராஜெக்டில் தூக்கிப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2023-இல் சாட்ஜிபிடி பேச்சு கிளம்பியதும் டீமில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. அந்த நேரத்தில்தான் 2024 கேட்டுக்கு டேட்டா சயின்ஸ் - ஏஐ தாள் புதிதாக வருகிறது என்று அறிவித்தார்கள். பழைய வினாத்தாள் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஏஐ என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு ப்ராம்ப்ட் எழுதுவது, சாட்பாட் கட்ட உதவும் லாங்செயின் என்ற டூல், இன்னும் என்னென்னவோ என்று செப்டம்பரிலிருந்து நாலு மாதம் ஓடினேன்.

சிலபஸை வரி வரியாகப் படித்தது ஜனவரியில். சாட்பாட் என்ற பேச்சே அதில் இல்லை. நியூரல் நெட்வொர்க் மல்டிலேயர் பெர்செப்ட்ரான் என்ற பழைய, எளிய வகையோடு முடிந்துவிடுகிறது. ஏஐ பகுதி என்பது சர்ச், லாஜிக், வேரியபிள் எலிமினேஷன் (ஒருவகை ப்ராபபிலிட்டி கணக்கு). மீதி ப்ராபபிலிட்டி, லீனியர் ஆல்ஜிப்ரா, கால்குலஸ், பைத்தான், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங். முக்கால்வாசி நம் அப்பா காலத்துக் கணக்கு.

முதல் தடவை பரீட்சை ஹாலில்தான் உறைத்தது. பிசிஏ, அதாவது டேட்டாவின் டைமென்ஷனைக் குறைக்கும் முறை, எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பைத்தானில் இரண்டு வரி. அங்கே லைப்ரரி ஏது? இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸைக் கையில் கொடுத்தால் பேனா நகரவில்லை.

அதனால் இரண்டாம் தடவை செய்தது ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் கையால் போட்டேன். உதாரணத்துக்கு, முதல் வரிசை 5, 2. இரண்டாம் வரிசை 2, 2 என்று ஒரு கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் (டேட்டா எப்படிச் சிதறியிருக்கிறது என்று காட்டும் அட்டவணை). மூலைவிட்டக் கூட்டல் 7, டிடர்மினன்ட் 6. கூட்டினால் 7, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்தான் ஐகன் வேல்யூ, ஆக 6, 1. பிசிஏ தரும் முதல் காம்போனென்ட் மட்டும் எடுத்துக்கொள்ளும் வேரியன்ஸ் (சிதறல்) ஏழில் ஆறு, கிட்டத்தட்ட 86 சதவீதம். இதைப் போட்ட அன்றுதான், ஆபீஸில் வேறொரு டீம் அடிக்கடி சொல்லும் "டைமென்ஷனைக் குறைச்சிட்டோம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்றே புரிந்தது. டிசிஷன் ட்ரீ என்ட்ரோபி, கே-மீன்ஸில் இரண்டு சுற்று, பேயஸ் கணக்கு எல்லாமே இப்படித்தான். 200 பக்க நோட்டு இரண்டு தீர்ந்தது. கோச்சிங் போகவில்லை, ஐஐடி ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடிஇஎல் வீடியோதான். கும்பலாகப் படித்தால் எனக்கு ஓடாது. டெலிகிராம் குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். உங்களுக்குக் கும்பல் ஒத்துவரும் என்றால் இருங்கள்.

மற்றவை, அவசரமாக:

- முதல் தடவை இரண்டு மார்க் எம்சிக்யூவில் (ஒரே விடை சரியான கேள்வி) ஒன்பதைக் குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பாக்கினேன். நெகட்டிவ் மார்க்கிலேயே ஆறு மார்க் அப்படியே போச்சு. எண்ணை நிரப்பும் கேள்விக்கு நெகட்டிவ் கிடையாது. அதை மட்டும் காலியாக விடாதீர்கள்.
- எம்எஸ்க்யூவில் (ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்வி) பாதிச் சரிக்குப் பாதி மார்க் இல்லை. சந்தேகமான ஆப்ஷனைச் சேர்த்தால் முழுசும் போச்சு.
- திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் தட்ட வேண்டும். வீட்டில் போன் கால்குலேட்டரை மறந்துவிட்டு இதிலேயே பழகுங்கள். நான் பழகியது கடைசி மூன்று வாரம்தான், போதவில்லை.
- ஆப்டிட்யூட் 15 மார்க். சும்மா விடாதீர்கள்.
- டேட்டாபேஸில் கேட்கும் எஸ்க்யூஎல் எனக்கு வேலையில் பழக்கம், அதனால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா கேட்டாள், "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள இதுவும் பழசாயிடாதா?" பாதி ஆகிவிடும் என்றுதான் சொன்னேன். லாங்செயினில் நான் எழுதி வைத்த ப்ரோக்ராம் ஒரு வருடம் கழித்து ஓடவே இல்லை. சிலபஸில் ட்ரான்ஸ்ஃபார்மர் (சாட்ஜிபிடிக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க்) இல்லை என்று புலம்புகிறவர்களுக்கும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளே நடப்பதும் மேட்ரிக்ஸ் பெருக்கல்தான்; அதன் முக்கிய பாகமான அட்டென்ஷன் பற்றிப் போன வாரம் படித்தபோது, இரண்டு வருடம் முன்பு மிரட்டிய அதே பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஐஐடி ஆஃபர்களுக்கு சிஓஏபி என்ற இணையதளம், என்ஐடிக்கு சிசிஎம்டி என்ற கவுன்சலிங், இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். எம்டெக் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் வேலையை விடும் முன் இதை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். நான் நாலு தடவை பார்த்தேன். என் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆஃபர் வருவதற்குள் அதைக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் பேச வேண்டும், அது தனி ரோதனை.