கோவையில் பூத்த கரும்பு

ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிக்கும் ஊர் அதனால் வளர்கிறதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கரும்பு, அதை வைத்துச் சொல்கிறேன். ஒரு சர்க்கரை ஆலையில் இருபத்திரண்டு வருடம் கரும்பு அலுவலராக இருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கை ரிஃப்ராக்டோமீட்டர், அவ்வளவுதான் என் ஆபீஸ். கரும்பைக் குத்தி ரெண்டு சொட்டுச் சாறைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் பிரிக்ஸ், அதாவது சாறு எவ்வளவு இனிப்பு ஏறியிருக்கிறது என்ற அளவு, தெரியும். 18-ஐத் தாண்டினால் வெட்டு உத்தரவு எழுதலாம்.

அவ்வப்போது கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போவோம். 1912-ல் வந்த இடம். வடக்கே கரும்பு பூத்து விதை கட்டுவது அபூர்வம், கோவைச் சீதோஷ்ணத்தில் கட்டும். பண்ணை இங்கே வந்ததே அதனால்தான். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்போடு பேய்க்கரும்பு என்ற காட்டுக் கரும்பைச் சேர்த்து உண்டாக்கிய கோ 205 ரகம் 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. இன்றைக்கும் பூக்கும் பருவத்தில் பல மாநில ஆராய்ச்சியாளர்கள் கோவைக்கு வந்து ரகத்தோடு ரகத்தைக் கலந்து, பஞ்சு மாதிரி இருக்கும் விதையைக் கொண்டுபோகிறார்கள்.

ஆராய்ச்சிக்குச் செலவு செய்த பகுதி வளர்கிறதா என்று அட்டவணை போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பஞ்சுதான் ஞாபகம் வரும். 2020-21 கணக்குப்படி இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அந்தக் கொஞ்சத்தையும் மாநிலவாரியாகப் பிரித்து, செலவான ஊரிலேயே வரவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதே நிறுவனத்தின் கர்னால் மையம் 2009-ல் வெளியிட்ட கோ 0238, ஒரு கட்டத்தில் உத்தரப்பிரதேசக் கரும்புப் பரப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டது. கர்னால் இருப்பது ஹரியானாவில். உ.பி. ஆலைகளின் ரெக்கவரி, அதாவது நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை, 9 சொச்சத்திலிருந்து 11-ஐத் தாண்டியது. (ஒரே ரகத்தை நம்பியதற்குச் செவ்வழுகல் நோய் வந்து பிறகு வட்டியோடு வசூலித்தது. அது வேறு கதை.)

விதை மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 1932-ல் இறக்குமதிச் சர்க்கரைக்குக் காப்பு வரி போட்ட பிறகுதான் உ.பி.யிலும் பீகாரிலும் ஆலைகள் மளமளவென்று முளைத்தன. கோவை ரகங்கள் அதற்கு முன்பே வயலில் இருந்தன.

எங்கள் பக்கம் கோ 86032. அருமையான ரகம், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் நன்றாக வரும். ஒரு ரகத்தை உருவாக்கி வெளியிடப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகிறது. ரெக்கவரியில் அரை பாயிண்ட் ஏற்ற அவ்வளவு பாடு. வெட்டிய கரும்பு லாரியோடு யார்டு வெயிலில் ரெண்டு மூணு நாள் நின்றால் அந்த அரை பாயிண்ட் போயே போய்விடும். ஒரு வருடம் எங்கள் ஆலையில் பாய்லர் மக்கர். நான் எழுதிய வெட்டு உத்தரவுகள் ரெண்டு மாதம் சும்மா கிடந்தன. முதிர்ந்த கரும்பு பூத்து, உள்ளே சாறு வற்றி நெட்டி விட்டு, எடை குறைந்தது. வெட்டிய கரும்புக்கும் பணம் ஒழுங்காகப் போகவில்லை.

கோபி பக்கம் ஒரு பெரியவர், ரகங்களை வரிசையாகச் சொல்லக்கூடியவர். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் மோர் கொடுத்தார்.

"ரகத்தைக் குத்தஞ் சொல்லலீங்க. வெட்டறதுக்கு ஆள் வரோணும், வெட்டுனா பணம் வரோணும். அதுக்கு உங்க கோயமுத்தூர்ல ஏதாச்சும் கண்டுபுடிச்சிருக்காங்களா?"

பதில் சொல்லாமல் மோரைக் குடித்தேன். வரப்போரம் தென்னங்கன்றுகள் வந்து இறங்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஒரு ஏக்கருக்குச் சரியாக இருக்கும்.