அரைக்கூடு

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருப்பவனுக்கு முதலில் போவது தொண்டை, அப்புறம்தான் பொறுமை. காலையில் மூன்று பள்ளிகள், மதியம் இரண்டு. பறவைக் கூடத்தில் நான் பேசுவது எல்லாம் எனக்கே மனப்பாடம். "இது மீன்கொத்தி, இது மரங்கொத்தி, கண்ணாடியில கை வைக்காதீங்க." பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு மாத இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். இப்படியே நான்கு வருடம் ஓடியது.

எந்தப் பள்ளி வந்தாலும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்: "சார், இதையெல்லாம் யாரு கொன்னது?" டீச்சர் முறைப்பார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பறவையியலாளர் சாலிம் அலியின் கதையை அங்கேதான் தொடங்குவேன்.

1896இல் பம்பாயில் பிறந்தவர், வீட்டில் கடைசிப் பிள்ளை. சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமா அமிருத்தீன் தியாப்ஜி வீட்டில் வளர்ந்தார். கையில் ஏர்கன் கிடைத்த பையன் என்ன செய்வான்? குருவியைச் சுட்டான். விழுந்த குருவியின் கழுத்தில் ஒரு மஞ்சள் தீற்று. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் பையனை விரட்டவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னதோடு நிறுத்தாமல், இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். எங்கள் கூடத்தில் இழுப்பறைச் சாவி காப்பாட்சியரிடம்தான் இருக்கும். என் நான்கு வருடத்தில் ஒரு பிள்ளைக்காகவும் அது திறந்ததில்லை.

பின்னாளிலும் அவர் சுட்டார், நிறையவே சுட்டார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோதும் துப்பாக்கி கூடவே போனது. அதைப் பிள்ளைகளிடம் பூசி மெழுக எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் அவர் எடுத்த ஒவ்வொரு பறவையின் காலிலும் சீட்டு உண்டு: எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா. எங்களிடம் இருக்கும் பழைய பறவைகளில் பாதிக்குச் சீட்டே இல்லை. சீட்டு இல்லாவிட்டால் அது பஞ்சு அடைத்த பொம்மை, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பலகையில் இருக்கிறது. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல், அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகள், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம், 1987இல் மறைவு. அவர் பெயரில் கோவை ஆனைகட்டியில் இருக்கும் ஆய்வு மையம். பிள்ளைகள் யாரும் படிப்பதில்லை. 1950இல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் ஓட்டித் திரிந்தார் என்று சொன்னால் மட்டும் பையன்கள் நிமிர்வார்கள். அப்போது அவருக்கு வயது 53.

நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பகுதி ஒன்று உண்டு. அவரும் என் வேலையைத்தான் பார்த்தார். 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில், மாதம் 350 ரூபாய்க்கு, கூடத்தைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்லும் பதவி. இரண்டே வருடத்தில் அலுத்துவிட்டது. 1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போய், ஸ்ட்ரெஸ்மன் என்ற பறவையியலாளரிடம் முறையாகப் படித்தார். 1930இல் திரும்பி வந்து பார்த்தால், நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

எனக்கும் அதே நிதிதான் இல்லாமல் போனது. இடைவெளி மாதம் முடிந்தும் அழைப்பு வரவில்லை. கேட்டதற்கு, "ஃபண்டு வரல தம்பி, வந்ததும் சொல்றேன்" என்றார்கள். சரி என்று அம்மாவின் ஊருக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள், எண்ணிப் பார்த்தால் பதினான்கு.

வேலை போன சாலிம் அலி, மனைவி தெஹ்மினாவோடு போனது பம்பாய்க்கு அருகே கடலோரத்தில் இருக்கும் கிஹிம் கிராமத்துக்கு. அங்கேயும் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள். ஏணி போட்டு, மறைவிடம் கட்டி, மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். நான் ஏணியெல்லாம் போடவில்லை. கிணற்று மேட்டில் ஒரு சாக்கை விரித்து, விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பேன். "வேல தேடாம குருவி பாக்குறான்" என்று அத்தை சொன்னது காதில் விழத்தான் செய்தது.

மஞ்சள் தலை ஆண் குருவி, நெல் தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைக்கும். வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு அப்படியே எழும்பும். சர்ரென்று நீளமாக நார் கிழிந்து வரும். அதை வைத்து முதலில் ஒரு வளையம், பிறகு அதன்மேல் ஹெல்மெட் மாதிரி ஒரு அரைக்கூடு. அத்தோடு வேலையை நிறுத்திவிட்டுத் தொங்கிக்கொண்டு சிறகடிக்கும். ஒரு பெண் குருவி வந்தால் போதும், பனை முழுக்க எல்லா ஆண்களும் ஒரே கூச்சல். அவள் கூட்டுக்குள் ஏறுவாள், நாரை இழுத்துப் பார்ப்பாள், பேசாமல் அடுத்த கூட்டுக்குப் போய்விடுவாள். மூன்றாவது பனையோலையில் இருந்தவனின் கூட்டை நான்கு நாளில் ஆறு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்தால்தான் அவள் தங்குவாள், அவனும் கீழே குழாய் வைத்துக் கூட்டை முடிப்பான். முடித்த கையோடு பக்கத்தில் இன்னொரு வளையம் போடத் தொடங்கிவிடுவான், அடுத்தவளுக்காக. முட்டையும் அடைகாப்பும் இவள் பாடு.

இதைத்தான் கிஹிமில் அவர் பார்த்து எழுதினார். அதுவரை இந்தியப் பறவையியல் என்றால் பெரும்பாலும் சுடுவது, அளப்பது, பெயர் வைப்பதுதான். நானோ நான்கு வருடமாக, "ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டும் வீடு, குடும்ப ஒற்றுமைக்கு உதாரணம்" என்று சொல்லி வந்திருக்கிறேன். டீச்சர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். எங்கே படித்தேன் என்று நினைவில்லை. யாரோ சொன்னதை நானும் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது மாதம் கூப்பிட்டார்கள், சனி ஞாயிறு மட்டும், நாள் கூலிக்கு. காற்றில் விழுந்து கிடந்த ஒரு அரைக்கூட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். முதல் சனிக்கிழமையே ஒரு சின்னப் பெண் தூக்கணாங்குருவிக் கூடு பற்றிய வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "சார், இது ராத்திரி வெளிச்சத்துக்கு மின்மினிப் பூச்சியைக் களிமண்ணுல ஒட்டி வைக்குமாமே?"

கூட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுத் தடவினாள். காய்ந்த மண் கட்டி ஒன்று உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மண்ணு மட்டும்தான் சார் இருக்கு. மண்ணு எதுக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். பின்னால் நின்ற அட்டெண்டர் அண்ணன், தரையில் சிந்திய மண்ணைப் பார்த்துவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனார்.